மேலே மட்டும் பாகம் பிரிக்கவில்லை

பெரியப்பாவின் காரை விண்வெளிக்கு அனுப்பிவிடலாம் என்று நான் எழுதியதால் என் அக்காவின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. எழுதும்போது அக்கா கரோலின் பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டியபோது இரண்டு இடத்தில் சிரித்தாள். மூன்றாவதாக ஓரிடத்தில், இது வேண்டாம், பெரியப்பாவுக்குச் சுருக்கென்று இருக்கும் என்றாள். நான் எடுக்கவில்லை.

அது எண்ணூறு சிசி சின்ன வெள்ளைக் கார். துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு வீதியில், ஒரே வீட்டில் அப்பாவும் பெரியப்பா தேவானந்தமும் சேர்ந்து இருந்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன் பாகம் பிரிக்க வேண்டி வந்தபோது வக்கீலிடம் போக இருவருக்கும் மனம் வரவில்லை. சபைப் பெரியவர்கள் வந்தார்கள். ஜெபம் செய்து, சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்துவிடலாம், கர்த்தர் யாருக்கு எதைக் கொடுக்கிறாரோ அதுவே நியாயம் என்று முடிவானது. சீட்டு எழுதியவர் அப்போது சபையில் இருந்த உபதேசியார். ஒரு பொருளும் விட்டுப்போகக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் 'கார்' என்று ஒரு சீட்டு எழுதினார். 'கார் ஷெட்' என்று தனியாக இன்னொரு சீட்டு எழுதினார். 'மர பீரோ' என்று வேறொன்று. வீட்டில் ஆளுக்குப் பாதி. கார் பெரியப்பாவுக்கு விழுந்தது. கார் ஷெட் அப்பாவுக்கு விழுந்தது. கார் சாவி இருந்த மர பீரோவும் அப்பாவுக்கே விழுந்தது. விழுந்தபடியே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, எல்லோரும் ஆமென் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையிலேயே ஷெட்டைக் காலி செய்யும்படி அப்பா சொன்னார். சாவி வந்தால் காலி செய்வதாகப் பெரியப்பா சொன்னார். கேட்டால் கொடுப்பதாக அப்பா சொன்னார். தன் காரின் சாவியைத் தான் எதற்குக் கேட்க வேண்டும், அது தானாக வந்து சேர வேண்டியது என்றார் பெரியப்பா. வேறு சாவி போட்டுக்கொள்ளலாமே என்று பெரியம்மா கிருபாவதி சொன்னதற்கு, சாவி இருக்கும்போது இன்னொரு சாவி போடுகிறவன் பைத்தியக்காரன் என்று அவர் வாயை அடைத்துவிட்டார். மறுபடி சீட்டுக் குலுக்கலாம் என்று யாரோ சொன்னபோது மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் மறுத்தார்கள். கர்த்தர் போட்ட சீட்டை மாற்ற நாம் யார்?

அதுதான் அவர்கள் கடைசியாக ஒன்றாகச் சொன்னது. அதன் பிறகு பேச்சு இல்லை. அம்மா ஒரு தடவை கார் பானட்டின் மேல் மிளகாய் காயவைத்தாள். நான்காவது நாள் எங்களுக்கு ஒரு ரெஜிஸ்டர் தபால் வந்தது. அனுப்பியவர் பெரியப்பா. பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு துடியலூர் தபால் நிலையத்துக்குப் போய், ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருந்தார். தமது வாகனத்தின் மேல் உணவுப் பொருள்கள் உலர்த்தப்படுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பா அதே விதமாக ரெஜிஸ்டர் தபாலில் பதில் அனுப்பினார். தமது ஷெட்டில் நிற்கும் எந்தப் பொருளின் மேலும் எதையும் உலர்த்தத் தமக்கு உரிமை உண்டு என்று. தபால்காரர் இரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி போனார்.

நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் குடும்பத்துக்குள் இப்படிப் பகை வந்தால் யாராவது ஒருவர் ரயிலேறிப் போய்விடுவார். பனி பெய்யும். வருடங்கள் ஓடும். எங்கள் வீட்டில் யாரும் எங்கும் போகவில்லை. காரும் போகவில்லை. சாவி இல்லாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டதால் தள்ளவும் முடியவில்லை. காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையில் இருந்த ஒன்றரை அடிச் சந்தில் ஆறு வருடமாக நாங்கள் ஒருக்களித்து நடந்து பழகிவிட்டோம்.

எங்கள் சபையில் மாதம் ஒரு மடல் அச்சடித்துத் தருவார்கள். கடைசிப் பக்கம் வாலிபர் பகுதி. பிப்ரவரி மாதத்துக்கு எழுத யாரும் கிடைக்காமல் என்னிடம் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். அதில் முக்கியமான பகுதி இது:

"அமெரிக்காவில் ஒரு பணக்காரர் சில வருடங்களுக்கு முன் தன் சிவப்புக் காரை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார். ஓடுகிற காரை எதற்கு அனுப்ப வேண்டும்? எங்கள் வீட்டில் ஓடாத வண்டி ஒன்று நிற்கிறது. அதை அனுப்பினால் பூமிக்கும் உபயோகம். இந்த வண்டிக்கு முன்னால் எங்கள் சுவர். இடப்பக்கம் பெரியப்பாவின் போர்வெல். வலப்பக்கம் காம்பவுண்டு. பின்னால் பொதுப்பாதை. பொதுப்பாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கிறது. நான் பத்திரத்தை மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். மேல்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே மட்டும் பாகம் பிரிக்கவில்லை. ஷெட்டின் தகரக் கூரைக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. போன சித்திரை மாதக் காற்றில் அது கிளம்பிப் போய்விட்டது.

"வண்டியின் எடை எண்ணூறு கிலோ. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது ஒரு எடையா? நாம் செய்கிற பம்பு ஆயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதே பம்பைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து வண்டிக்கு அடியில் வைத்தால் நிலா வரைக்கும் தள்ளாதா? எப்படியும் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் நாம் கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் அது செவ்வாயைத் தாண்டிவிடும். ஓட்டுநர் இருக்கையில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. வண்டிக்காரர் ரிட்டயர் ஆன பம்பு இன்ஸ்பெக்டர். சிவப்பு பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து அவரையே அனுப்பினால், வழியில் பார்க்கிற கோள்களில் எது சரியில்லையோ அதன் மேல் சிவப்பு அடித்துக்கொண்டே போவார். திரும்பி வரும்போது வியாழன் ரிஜெக்ட் ஆகியிருக்கும்."

அக்கா வேண்டாம் என்றது இந்தச் சிவப்பு பெயிண்டைத்தான். பெரியப்பா ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். தேறாத பம்பின் மேல் சிவப்பு பெயிண்டால் கோடு போடுவது அவர் வேலை.

மடல் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசித்தார். மூன்றாவது தடவை பெரியப்பா வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார். வியாழனுக்கு வந்ததும் அவர் சிரித்த சிரிப்பு வேண்டுமென்றே சிரித்த சிரிப்பு. திங்கட்கிழமை பேக்கரியில் பெரியப்பா டீ குடிக்கப் போனபோது ஒருவர், "ஏனுங்க, கவுண்ட் டவுன் ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்டாராம். இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாராம். புதன்கிழமை காலையில் காரின் முன்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் பஸ் போர்டு மாதிரி எழுதியிருந்தார்கள்: 'நிலா - வழி துடியலூர்'. பெரியப்பா அதைப் பார்த்தார். துடைக்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார். நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் வாசித்துவிட்டு நான்கு விநாடி நிறுத்துவார். அந்த நான்கு விநாடியில் எந்தக் காலத்திலும் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஃபேன் சத்தம் கேட்கும். ஏதாவது குழந்தை இருமும். அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வின்ஸ்டன், அவிநாசிக்காரர். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். அடுத்த லீவு ஒன்றரை வருடம் கழித்துத்தான். அவர்கள் ஏற்கெனவே இரண்டு வருடம் காத்திருந்தார்கள். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை கல்யாணம். அந்த வாரமே சாம்பல் புதன். அன்றைக்கு லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயிலில் கல்யாணம் நடக்காது. வெள்ளிக்கிழமை வின்ஸ்டனுக்கு விமானம். ஒரு நாள் தள்ளினாலும் எல்லாம் ஒன்றரை வருடம் தள்ளிப்போகும்.

மடல் வந்த அன்றே முதலாம் ஓலை வாசித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. ஆயர் வாசித்தார். நிறுத்தினார். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து பெரியப்பா எழுந்தார்.

"தடை இருக்குதுங்க ஐயா" என்றார்.

கோயில் முழுக்கத் திரும்பியது. கீபோர்டு வாசிப்பவர்கூட எழுந்து பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். பெரியப்பா வேறெதுவும் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரவும் இல்லை.

ஆராதனை முடிந்து எங்களை ஆயர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆயர் காங்கேயத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இப்படி ஒன்று அவர் ஊழியத்தில் நடந்ததே இல்லை. விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பெண்ணுக்கு முன்பே திருமணம் ஆகியிருக்கிறதா? இல்லை என்றார் பெரியப்பா. மாப்பிள்ளைக்கு? இல்லை. கட்டக்கூடாத உறவு முறையா? இல்லை. பெண்ணுக்குச் சம்மதம் இல்லையா? அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அப்படியானால் தடைதான் என்ன என்று ஆயர் கேட்டதற்குப் பெரியப்பா, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆயர் எங்களிடம் சொன்னது இதுதான். சபைக்கு முன்னால் தடை என்று சொல்லியாகிவிட்டது. அது ஒன்றுமில்லாத தடையாக இருக்கலாம். ஆனால் சொன்னவர் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். இல்லையென்றால் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடி விசாரிக்க வேண்டும். கமிட்டி அடுத்த மாதம் முதல் வாரம்தான் கூடும். அதாவது லெந்து காலத்துக்குள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவருடைய கோபமெல்லாம் பெரியப்பா மேல்தான் இருந்தது. அவன் காலில் விழமாட்டேன், கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். நின்றாலும் பரவாயில்லை என்று அவர் இரண்டாவது தடவை சொன்னபோது அக்கா சமையலறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள்.

"உங்க ரெண்டு பேத்துக்கும் காரும் வேண்டாம், ஷெட்டும் வேண்டாம். சண்டை மட்டும் வேணும். அதையும் ஒரு சீட்டுல எழுதிப் போட்டிருந்தா யாருக்குங்கப்பா விழுந்திருக்கும்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "நீ எழுதுனது. நீயே போய் எழுதி வாங்கிட்டு வா" என்றாள்.

இரண்டு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் போனேன். பெரியம்மா கதவைத் திறந்து, என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார்.

"வா அம்மணி. ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் இந்தப் படி உன்ற கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்."

பெரியப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சபை மடல் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், சிவப்புப் பேனா. என் கட்டுரையில் அச்சு எழுத்தைவிடச் சிவப்பு எழுத்து அதிகமாக இருந்தது. உட்காரச் சொன்னார். பிறகு ஸ்கேலை இரண்டாம் பத்தியின் முதல் வரிக்கு அடியில் வைத்தார்.

வண்டியின் எடையை எண்ணூறு கிலோ என்று எழுதியிருக்கிறாய் என்றார். எண்ணூறு என்பது எஞ்சின் சிசி. எடை அறுநூற்றைம்பது. சிசிக்கும் கிலோவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தி ராக்கெட் விடுகிறாள். அடுத்தது பம்பு. பம்பு தண்ணீரைத்தான் தள்ளும், காரைத் தள்ளாது என்று எனக்கு ஐந்து நிமிடம் விளக்கினார். ஆயிரம் அடி என்று எழுதினாயே, எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ் என்று எழுதினாயா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. சிவப்பு பெயிண்ட், வியாழன் ரிஜெக்ட் என்று வரும் இடத்துக்கு வந்து நின்றது. அந்த இடத்தில் ஒரு டிக் போட்டிருந்தது.

"இது செரி. வியாழன்ல பெரிய ஓட்டை மாதிரி செவப்பா ஒண்ணு இருக்குது. நானா இருந்தாலும் ரிஜெக்ட்தான்" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு ஸ்கேலை மேலே கொண்டுபோனார். இரண்டு வார்த்தைகளைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தார். மூன்றாவது வட்டத்தில் தாள் கிழிந்திருந்தது. 'ஓடாத வண்டி'.

"இது யாரு சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியுங்களே பெரியப்பா. ஆறு வருசமா நின்ன எடத்துலயே நிக்குது."

"நிறுத்தி வெச்ச வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் வித்தியாசம் இருக்குது. நீ சாவி போட்டுப் பாத்தயா?"

"இல்லீங்க."

"முப்பத்தொரு வருசம். தண்ணி தள்ளிப் பாக்காம ஒரு பம்பு மேலயும் நான் செவப்பு அடிச்சதில்ல. நீ ஓட்டிப் பாக்காமயே அடிச்சுபோட்ட. அதையும் அச்சுல."

கிண்டல் செய்ததற்காக அவர் கோபப்படுவார் என்று நினைத்து, அதற்கான மன்னிப்பை வரும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு இங்கே வேலை இல்லை. அதற்காக அக்கா கல்யாணத்தைத் தடுப்பதா என்று மட்டும் கேட்டேன். பெரியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். பெரியப்பா பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நாலு செகண்டு குடுத்தாங்க. எந்திரிச்சுபோட்டேன். எந்திரிச்சவன் அப்பறம் எப்படி உக்கார்றது?"

"அதைய இப்பக் கேளுங்க" என்றார் பெரியம்மா. "மூணு நாளா சோறு எறங்கல இந்த மனுசனுக்கு. போய் எழுதிக் குடுங்கன்னா, தப்பை அவங்க திருத்தட்டும்ங்கறார்."

திருத்தம் எழுதுகிறேன் என்று உடனே சொன்னேன். அடுத்த மாத மடல் வரைக்கும் பொறுக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பதற்கு முன், எல்லோர் முன்னாலும் நானே வாசிக்க வேண்டும். அதற்கும் ஒப்புக்கொண்டு, அவர் கொடுத்த தாளில் 'அது ஓடுகிற வண்டி' என்று எழுதி நீட்டினேன். அதைக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். அதையும்தான் யார் ஓட்டிப் பார்த்தார்கள்? கடைசியில் நான் எழுதியது இது: 'சென்ற மடலில் ஓடாத வண்டி என்று எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். தவறு.' அவர் இரண்டு தடவை வாசித்தார். ஒரு கமாவை எடுத்தார். பிறகு வேறொரு தாளில், மேற்கண்ட திருத்தம் வாசிக்கப்பட்டதும் தம் தடையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்தார்.

அதை நான் ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வின்ஸ்டனுக்குப் போன் செய்தாள். அவர், அப்படியானால் பந்தலுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாராம்.

அப்பாவுக்கு விஷயம் சனிக்கிழமைதான் தெரிந்தது. சபைக்கு முன்னால் அவனிடம் மன்னிப்பா என்று கத்தினார். மன்னிப்பு இல்லை, திருத்தம்தான் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். நான் வாசித்தால் தாமும் எழுந்து நிற்கப்போவதாகச் சொன்னார். வேண்டுமானால் சாவியைத் தாருங்கள், இன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம், ஓடவில்லையென்றால் திருத்தமே தேவையில்லை என்று நான் கெஞ்சினேன். பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கேக்கட்டும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். தாரேன்."

அம்மா அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு போடவில்லை. தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. வழக்கமாக வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வின்ஸ்டன் அவிநாசியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு நேரம் வந்ததும் ஆயர் என்னைக் கூப்பிட்டார். மைக் முன்னால் போய் நின்று மூன்று வரியையும் வாசித்தேன். வாலிபர் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஏதோ வேதபாடம் கேட்பதுபோல. 'தவறு' என்றதும் தலையை ஒரு தடவை அசைத்தார். ஆயர் கையிலிருந்த தாளைக் காட்டி, தடை திரும்பப் பெறப்பட்டது என்றார்.

அக்கா மூச்சு விட்டாள். அதே நேரத்தில் அப்பா எழுந்தார்.

"ஐயா, அந்தத் திருத்தத்துல ஒரு திருத்தம் இருக்குங்க. அந்த வண்டி ஓடாதுங்க."

"ஓடும்" என்றார் பெரியப்பா.

அவர் உட்கார்ந்தபடியேதான் சொன்னார். ஆனால் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. அப்பாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பிறகு அவரும் ஆயரை விட்டுவிட்டு நேராகப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"ஓடாது. பேட்டரி செத்து அஞ்சு வருசமாச்சு."

"பேட்டரி செத்தா வண்டி செத்துபோச்சா? மாத்துனா ஆச்சு."

"டேங்கு துருப் புடிச்சிருக்குது."

"நீ எப்பப் பாத்த?"

"தெனமும் பாக்கறேன். என்ற வாசல்லதான நிக்குது."

"என்ற வண்டிய நீ எதுக்குத் தெனமும் பாக்கற?"

ஆயர் இருவரையும் உட்காரும்படி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பெரியப்பாவும் எழுந்துவிட்டார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. சபைப் பெரியவர் ஒருவர் ஓடி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். அப்பா அதைத் தட்டிவிட்டார். பெரியப்பா பெஞ்சை விட்டு நடைபாதைக்கு வந்து, அப்பாவுக்கு நேர் எதிரே நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு அடி தூரம்கூட இல்லை.

"சாவியக் குடு. ஓட்டிக் காட்டறேன்."

அப்பாவின் முகம் மாறியது. இதற்காகவே ஆறு வருடம் காத்திருந்தவர்போல விரலை நீட்டினார்.

"கேட்டுட்ட. எல்லாரும் பாத்துக்கங்க, இப்பக் கேட்டுட்டான்."

"கேக்கல. குடுன்னு சொன்னேன்."

"அதுக்குப் பேருதான் கேக்கறது."

"சொல்றது வேற, கேக்கறது வேற."

இரண்டு பெரியவர்கள் சேர்ந்து அவர்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே, பேசியபடியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அம்மா பெண்கள் பக்கத்தில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அவளுக்கு நேர் பின்னால் இருந்த பெரியம்மா எட்டி அவள் தோளில் தட்டி, விசிறியை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள்.

ஆயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வாசித்தார். அவிநாசியைச் சேர்ந்த வின்ஸ்டன் என்பவருக்கும் துடியலூரைச் சேர்ந்த கரோலின் என்பவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இது மூன்றாம் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்.

நிறுத்தினார். அக்கா திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். வின்ஸ்டன் முழங்காலில் கைகளை ஊன்றி, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பவர்போல உட்கார்ந்திருந்தார். ஃபேன் சுற்றியது.

"கேட்ட" என்றது ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் குரல்.

"கேக்கல" என்றார் பெரியப்பா.

ஆயர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். தடை ஏதும் இல்லை என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

"அடுத்த அறிவிப்பு" என்றார், "பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு."